சாங்கி–பெங்கெராங் ஒருநாள் சைக்கிள் பயணம்: குழுவோடு போகலாமா?

கேள்வி, 20 மே 2024

எஸ் பாஸ் வேலை அனுமதியில் சிங்கப்பூரில் வேலை. இந்தியக் கடப்பிதழ். சாங்கி முனையிலிருந்து படகில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் பெங்கெராங் போய், டெசாரு கடற்கரைப் பக்கம் சைக்கிள் மிதித்துவிட்டு அன்றைக்கே திரும்பும் வழிகாட்டியோடான குழுப் பயணம் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். இதுவரை 30 கிலோமீட்டருக்கு மேல் மிதித்ததில்லை. தனியாகப் போகப் பயம். குழு என்றால் பார்த்துக்கொள்வார்கள்தானே? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

21 மே 2024, காலை

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி ஒரு குழுவில்தான் போய் வந்தேன். கால் வலி இன்னும் போகவில்லை, கோபமும் போகவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை 6.30க்கு சாங்கி முனைப் படகுத்துறை. அதற்கு முன்பே சாங்கி கிராமத்து உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டவர்கள் புத்திசாலிகள். குழுவில் 17 பேர், வழிகாட்டிகள் 2 பேர். பெங்கெராங் போகும் படகில் 12 பேர்தான் ஏறலாம். 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், இல்லாவிட்டால் காலி இடத்துக்கும் நாமே காசு கொடுத்துக் கிளப்ப வேண்டும். 19 பேர் என்றால் 12, பிறகு 7. அந்த 7 பேர் படகுக்குள் வேறு பயணிகள் வந்து சேரக் காத்திருந்தார்கள். அன்றைய தொல்லைக்கெல்லாம் விதை அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

நான் முதல் படகில். மரப்படகு, டீசல் இயந்திரம், பக்கவாட்டில் பழைய டயர்கள். படகுக்காரர் நம் சைக்கிள்களை ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பார். குடிநுழைவு முத்திரை கரையிலேயே முடிந்துவிடும். இடது பக்கம் புலாவ் தெக்கோங். தேசிய சேவைக்குப் போன நம் பிள்ளைகளெல்லாம் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கிய தீவு. எதிரே தஞ்சோங் பெங்கெலியில் மலேசியக் கடற்படையின் பயிற்சித்தளம். இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இளம்பிள்ளைகள் நடை பழகுகிறார்கள். நடுவில் நாம் பன்னிரண்டு பேர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடல் நடுவில் எல்லோருடைய கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக 'டிங்' என்று அடித்தது, மலேசியாவுக்கு நல்வரவு என்று. எல்லை கடந்ததற்கு அங்கே வேறு அடையாளம் எதுவும் கிடையாது. தண்ணீர் அதே நிறம்தான்.

அந்தக் கரையில் இறங்கி மலேசியக் குடிநுழைவு. முதல் படகில் எல்லோரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். தலைமை வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெயில் ஏறுது, நாம கிளம்புவோம், இரண்டாவது படகுக்காரங்க சுங்கை ரெங்கிட்டில் வந்து சேருவாங்க" என்றார். கிளம்பிவிட்டோம்.

வேலைக்குப் போக வேண்டும். மீதி பிறகு.

21 மே 2024, இரவு

தம்பி, தூரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். என் மீட்டரில் 74 கிலோமீட்டர். ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் நிழல் இல்லை. 30 மட்டுமே ஓட்டிய கால் 74 ஓட்டிவிடும், காலைவிட தலைதான் முதலில் சோர்ந்துபோகும். பகல் 11க்கு மேல் சாலையிலிருந்து எழும் சூடு முகத்தில் அடிப்பதைச் சொல்கிறேன். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரில் மே மாத வெயிலை யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மரநிழலில் ஓட்டிப் பழகியவனுக்கு அது வேறு வெயில்.

22 மே 2024

இரண்டாவது படகில் ஒரு பட்டுக்கோட்டைப் பையன் இருந்தான். உங்களைப் போலவே எஸ் பாஸ், இந்தியக் கடப்பிதழ். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு உண்டு. அதை நம்பி வந்துவிட்டான். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை என்பதால் ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய செய்தியில் "கடப்பிதழ், தண்ணீர், மாற்றுத்துணி" என்று மூன்றே வார்த்தைகள். குழு வைத்து நடத்துகிறவர்கள் யார் எந்தக் கடப்பிதழில் வருகிறார்கள் என்று பார்க்காமலா பெயர் சேர்ப்பார்கள்?

அதிகாரி நல்ல மனிதர். "ஓரமா நின்னு போன்ல நிரப்பிட்டு வா" என்று விட்டிருக்கிறார். பையனுடைய கைபேசியில் வெளிநாட்டு டேட்டா இல்லை. குழுவில் வந்த அக்கா ஒருவர், ஐம்பது வயது, தாதி வேலை, தன் கைபேசியிலிருந்து இணையம் கொடுத்து அவனோடு நின்றிருக்கிறார். அதற்குள் இரண்டாவது படகின் மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு இரண்டாவது வழிகாட்டியும் போய்விட்டார். அவருக்கு வேனில் வரும் உதிரிப்பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாம்.

இவர்கள் இருவரும் தனியாக வந்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் வழி தவறி எண்ணெய் ஆலையின் வாயில் வரைக்கும் போய், காவலர் கைகாட்டித் திருப்பி அனுப்பி, சுங்கை ரெங்கிட் வந்து சேரும்போது மணி 11.30. நாங்கள் பசியாறி, கோப்பி குடித்து, இரண்டாவது கோப்பியும் குடித்திருந்தோம். அவர்கள் உட்காருவதற்குள் வழிகாட்டி எழுந்து விசில் ஊதினார்.

மதியத்துக்கு மேல், 50 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில், அக்காவுக்கு இரண்டு தொடையிலும் சதைப்பிடிப்பு. வேன் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. கைபேசியில் அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. பையன் பயந்துபோய் நடுரோட்டில் கையாட்டியிருக்கிறான். சின்ன லாரி ஒன்றை ஓட்டி வந்த தமிழ் ஐயா ஒருவர் நிறுத்தி இறங்கி, "பசியாறியாச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்டாராம். டேஷ்போர்டிலிருந்து 'ஆசாம் போய்' என்கிற உலர்ந்த பிளம்ஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை அக்காவின் வாயில் போட்டு, இரண்டு சைக்கிளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து எங்களிடம் சேர்த்தார். உப்பும் புளிப்பும் காய்ந்து சுருங்கிய அந்தப் பிளம்ஸ் கொட்டைதான் அன்றைக்கு அந்த நிறுவனம் கொடுத்த எல்லா வசதியையும்விடப் பெரிய உதவி.

காசு வாங்கவில்லை. "நம்ம பிள்ளைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

25 மே 2024

சிலர் கேட்டதற்கு.

ஏன் படகு, கடற்பாலம் வழியாகப் போகக்கூடாதா? போகலாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சைக்கிளுக்கு மோட்டார்சைக்கிள் தடம்தான். பாலம் 1,056 மீட்டர், 1924இல் முறைப்படி திறந்தது, தூரம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் புகையைக் குடித்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். அதுவும் ஜொகூர் பாருவில் இறங்கிவிட்டு இந்தத் தென்கிழக்கு மூலைக்கு வர ஆற்றைச் சுற்றிக்கொண்டு கோத்தா திங்கி வழியாக நெடுந்தூரம் மிதிக்க வேண்டும். ஒருநாளில் முடியாது. பெங்கெராங்குக்குப் படகுதான்.

குழுவில் எத்தனை பேர் சேர்ந்து ஓட்டலாம்? சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல் சட்டம்: ஒற்றை வரிசை என்றால் 5 பேர், இரண்டிரண்டாக என்றால் 10 பேர், நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக்கூடாது. குழுவுக்கும் குழுவுக்கும் இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி விடச் சொல்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் இறங்கியதும் அதைக் கழற்றிவைத்துவிட்டோம். 17 பேர் ஒரு கிலோமீட்டருக்கு இழுத்துக்கொண்டு போனோம். இங்கே அபராதத்துக்குப் பயந்து செய்கிறதை அங்கே உயிருக்காகவாவது செய்திருக்க வேண்டும்.

ஒரு திருத்தம். "ஞாயிறு என்றால் சாலை காலியாக இருக்கும்" என்று நினைத்திருந்தேன். தப்பு. ஜொகூரில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. 2014 முதல் அப்படித்தான். நமக்கு ஞாயிறு, அவர்களுக்கு வாரத்தின் முதல் வேலைநாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், பள்ளிப் பேருந்துகள், ஆலைக்குப் போகும் வேன்கள் எல்லாம் எங்களை உரசிக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம். சனிக்கிழமை போயிருக்க வேண்டும். இதை ஏற்பாட்டாளருக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

2 ஜூன் 2024

படகில் சைக்கிளை ஏற்றும்போது ஒரு விஷயம். பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கிற ஒரு சின்ன அலுமினியக் காது இருக்கும், கட்டைவிரல் அளவு. சட்டம் உடையாமல் இருக்க அது வளைய வேண்டும் என்றே மெல்லிசாகச் செய்திருப்பார்கள். சைக்கிள்களை அடுக்கும்போது மேலே விழும் சைக்கிளின் பெடல் அதில் இடித்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். கரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பத்துக் கிலோமீட்டர் போய், மேட்டில் கடைசி கியரைப் போடும்போது சங்கிலி சக்கரத்துக்குள் போய் ஆரக்கம்பிகளைக் கடிக்கும். பட்டுக்கோட்டைப் பையனுக்கு அதுதான் ஆனது. அவன் அன்று மூன்று கியரை மட்டும் வைத்தே மிதித்திருக்கிறான். அவன் மெதுவாக வந்தான் என்று சாப்பாட்டுக் கடையில் சிரித்தார்களே, அதற்கு இதுதான் காரணம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்கும்போது எனக்கே வயிறு எரிந்தது.

செய்யவேண்டியது: சைக்கிளின் வலப்பக்கம், அதாவது கியர்ப் பக்கம், மேலே வருமாறு நீங்களே சாய்த்து வையுங்கள். உங்கள் சைக்கிள் கடைசியாக ஏறட்டும். சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு பழைய டவல். பின் கியரைப் பெரிய பல்லில் விட்டுவிடுங்கள், அப்போது அது உள்ளே ஒதுங்கியிருக்கும். இறங்கியதும் கரையிலேயே பின்சக்கரத்தைத் தூக்கி எல்லா கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

9 ஜூன் 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அக்காவைத் தேக்காவில் பார்த்தேன். கூடவே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். நான் இங்கே எழுதியதையெல்லாம் சொல்லி, வழிகாட்டிமேல் புகார் கொடுக்கலாம் என்றேன். அவர் தே-ஓ தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ திரும்பிப் பார்த்தியே தம்பி" என்றார்.

நினைவு வந்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போதே இரண்டாவது படகும் வந்திருந்தது, குடிநுழைவு வாசலில் அவர் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். நில்லு என்கிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். நான் அதை "போய்வா" என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். இல்லை, அப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதுகூட உண்மை இல்லை. முன்குழுவில் ஓட்டும் ஆசை. என் புது சைக்கிள், என் சராசரி வேகம். நில்லு என்று அர்த்தம் ஆகியிருந்தால் நிற்கவேண்டி வரும், அதனால் மனம் வேறு அர்த்தம் செய்துகொண்டது.

நாங்கள் பன்னிரண்டு பேர் முதலில் கிளம்பினோம். பன்னிரண்டு பேரில் யாரும் "அவங்க வரட்டும்" என்று வாயைத் திறக்கவில்லை. வழிகாட்டி செய்தது தப்புதான், அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் மே 22 பதிவில் "விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறேன். போய்விட்டோம் என்று இருந்திருக்க வேண்டும்.

அக்காவுக்குக் கோபம் இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

30 ஜூன் 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சாலையை நினைத்தால் கடலைவிட ஆலைதான் கண்ணில் நிற்கிறது. பெங்கெராங்கில் பெட்ரோனாஸ் கட்டிய பெரிய எண்ணெய், ரசாயன வளாகம். 2018 முதல் சவூதி அராம்கோவும் கூட்டு. ஒரு நாளைக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன். வேலிக்கு உள்ளே வெள்ளைத் தொட்டிகளும், பகலிலும் எரியும் தீநாக்கும். மிதித்துக்கொண்டே போனால் வேலி முடிவதற்குள் ஒரு தண்ணீர்ப் புட்டி காலியாகிவிடும். அந்த நிலத்தில் முன்பு மீனவக் கிராமங்கள் இருந்தன. 2010களின் தொடக்கத்தில் ஆட்களை வேறு குடியிருப்புக்கு மாற்றினார்கள். மலாய்க்காரர்களின் கப்புறுகளையும் சீனர்களின் கல்லறைகளையும் தோண்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள், அதற்கு எதிர்ப்பும் நடந்தது. சுங்கை ரெங்கிட்டில் சிங்கி இறால் சாப்பிடும்போது எங்கள் வழிகாட்டி அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரப் பாட்டியிடம் ஒருவர் கேட்டார். "என் மாமியார் அங்கதான் இருந்தாங்க, இப்ப வேற இடத்துல இருக்காங்க" என்றார். உயிரோடு இருப்பவரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம்.

வழிகாட்டி என்றால் வழி மட்டும் காட்டினால் போதுமா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தாத்தாவுக்கு, தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலையும் சுடுகாட்டையும் விட்டுவிட்டு வந்தது கடைசிவரை ஆறவில்லை. அது வடக்கே பேராக்கில். ஊர் வேறு, மண் வேறு. அந்தப் பாட்டி பேசியது எனக்கு நன்றாகவே புரிந்தது.

எல்லை பற்றி ஒன்று. புங்காய் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வெறும் கடல். பகல் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தொலைவில் பெட்ரா பிராங்கா பாறையும், 1851 முதல் எரியும் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று அது சிங்கப்பூருக்கு என்று தீர்ப்புச் சொன்னது. ஜொகூரில் நின்றுகொண்டு கிழக்கே பார்த்தால் அங்கேயும் சிங்கப்பூர். காலையில் எல்லையைக் கடந்து வந்துவிட்டோம் என்று நினைத்தவனுக்கு மதியம் எல்லை எதிரில் வந்து நிற்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது.

12 அக்டோபர் 2024

மே 25 பதிவில் சொன்ன வாரவிடுமுறைக்கு வயதாகிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை என்று இந்த வாரம் அறிவித்துவிட்டார்கள். இனி இரண்டு நாளில் எது வசதியோ அது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சாலையோரம் கார்கள் நிற்கும், அது எப்போதும் போல.

16 பிப்ரவரி 2025

நேற்று மறுபடியும் போய் வந்தேன். அக்காதான் கூப்பிட்டார். "இந்த முறை நாமே குழு சேர்ப்போம்" என்றார். அந்தப் பக்கத்துச் சாலைகளை அறிந்த வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொண்டோம். பேசும்போதே ஒரு கேள்விதான் கேட்டோம்: கடைசியில் யார் வருவார்? அவர், "நான் முன்னாடி, கடைசிக்கு உங்கள்ல ஒருத்தர் வேணும், அவருக்கு வழியும் தெரியணும், பங்சரும் ஒட்டத் தெரியணும்" என்றார். நான் கையைத் தூக்கினேன்.

கணக்கைப் பாருங்கள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்து ஐந்தாக இரண்டு குழு, 10 பேர். முன்னால் வழிகாட்டி, பின்னால் கடைசி ஆள். மொத்தம் 12. ஒரு படகு! யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை, காலி இடத்துக்குக் காசு இல்லை, இரண்டாவது படகு என்ற பேச்சே இல்லை. ஒரே நேரத்தில் கரையிறங்கினோம். பட்டுக்கோட்டைப் பையன் வந்திருந்தான். வருகை அட்டையை மூன்று நாளுக்கு முன்பே நிரப்பி, தாளில் அச்சடித்து, அதை வேறு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

கடைசியில் ஓட்டுவது வேறு வேலை. முன்னால் போகிறவனுக்குச் சாலை தெரியும், கடைசி ஆளுக்கு மனிதர்கள் தெரிவார்கள். முதல் இருபது கிலோமீட்டரில் எனக்குத் தெரிந்துவிட்டது, யாருடைய இருக்கை உயரம் குறைவு, யார் தண்ணீரே குடிக்கவில்லை, யார் பேச்சை நிறுத்திவிட்டார் என்று. பேச்சு நிற்பதுதான் முதல் அறிகுறி. அதுவரை தொணதொணவென்று பேசிக்கொண்டு வந்த ஒருவர் செம்பனைத் தோட்டம் ஆரம்பித்த இடத்தில் அமைதியானார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கையில் மயிர்க்கூச்சம். வெயிலில் மயிர்க்கூச்சம் என்றால் நல்லதல்ல. நிறுத்தி, செம்பனை நிழலில் உட்காரவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டு, 100 பிளஸ் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம். முன்குழு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிழலில் காத்திருந்தது. ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நாய்கள். கேட்டவர்கள் பலர். தோட்டத்து முகப்பில் மூன்று நாய்கள் பாய்ந்து வந்தன. முன்னால் போகிறவர்கள் தப்பிவிடுவார்கள், அவர்கள் எழுப்பிவிட்ட நாய் கடைசி ஆளிடம்தான் வரும். வேகமாக மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். 30 வேகத்தில் நாய் சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத் தோள்பட்டை எலும்பு போகும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, நடந்து போங்கள். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும். நான் "போ வீட்டுக்கு" என்று தமிழில் அதட்டினேன். புரிந்ததோ என்னவோ, நின்றுவிட்டது.

அக்கா அன்று என்னோடு கடைசியில்தான் வந்தார். நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை தைப்பூசம். சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்காலில் பால்குடம் எடுத்திருந்தார். பாதத்தில் இரண்டு கொப்புளம். பெடலை முன்பாதத்தில் மிதிக்காமல் நடுப்பாதத்தில் மிதித்துக்கொண்டே வந்தார். "ஜொகூர்ல தைப்பூசத்துக்கு லீவு, நம்மூர்ல 1968லேயே எடுத்துட்டாங்க, நான் வருஷா வருஷம் சம்பளமில்லா விடுப்புல போறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எல்லையைக் கடந்தால் என்னென்ன மாறுகிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நேரம் மாறாது, இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவது மாறாது. ஒரு திருநாள் மட்டும் இங்கே வேலைநாள், அங்கே விடுமுறை.

பழைய சதைப்பிடிப்பு இடம் வந்ததும் அவரே காட்டினார். சாலையோரம் ஒரு மைல்கல், பக்கத்தில் கம்பி வேலி, ஒன்றும் விசேஷமில்லை. இறங்கி நின்று, இடுப்புப் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். ஆசாம் போய். எனக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. அந்த லாரி ஐயா வருவாரோ என்று மூன்று பேரும் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு லாரி போனது. அவர் இல்லை. மிச்ச ஆசாம் போயை டப்பாவோடு அந்த மைல்கல் மேல் வைத்துவிட்டு வரலாம் என்றான் பையன். எறும்பு மொய்க்கும் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது கரையில் 4.40. பன்னிரண்டு பேரும் இருந்ததால் படகு அந்த நிமிடமே கிளம்பியது. சைக்கிள் ஏற்றும்போது பையன் தானே முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றின் நடுவிலும் பழைய டவலைச் செருகினான். கியர்ப் பக்கம் மேலே.

18 பிப்ரவரி 2025

ஒரு திருத்தம்: நேற்று முன்தினம் எழுதியதில் நாய் மூன்று என்றேன். பையன் நாலு என்கிறான். அவன் முன்னால் இருந்தான், அவனை நம்புவோம்.

மே மாதம் முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு. நீங்கள் இன்னும் இதைப் படிக்கிறீர்களா தெரியாது. "குழு என்றால் பார்த்துக்கொள்வார்கள்தானே" என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பது மாதம் கழித்துப் பதில்: காசு கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, மொத்தம் எத்தனை பேர், எத்தனை படகு? இரண்டு, கடைசியில் வருகிறவர் யார், அவரிடம் அங்கே வேலைசெய்யும் கைபேசி எண் உண்டா? இதற்குத் திக்கித் திணறினால் விட்டுவிடுங்கள்.

மார்ச் 2 முதல் நோன்பு மாதம். பகலில் மலாய்க் கடைகள் திறந்திருக்காது, நாமும் அவர்கள் முன்னால் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவது நன்றாக இருக்காது. அதனால் பெருநாள் முடிந்த பிறகு, ஏப்ரல் 12 சனிக்கிழமை, மறுபடி போகிறோம். 74 இல்லை, சுங்கை ரெங்கிட் வரை போய் பசியாறிவிட்டுத் திரும்புவது மட்டும், போக வர 30க்குள். பத்து இடத்தில் எட்டு நிரம்பிவிட்டது. ஒன்பதாவது இடத்தை உங்களுக்காக வைத்திருக்கிறேன், மார்ச் கடைசிக்குள் இங்கேயே சொல்லுங்கள். வருகை அட்டையைப் பையன் உட்கார்ந்து நிரப்பிக்கொடுப்பான்.